பள்ளத்துப் பக்கத்துக் கூரை

அன்றைக்குக் காலையில் தேயிலைத் தோட்டத்து வரிசை லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. பின்வீட்டு அக்கா. அக்காவின் வீட்டுக்காரர். மாத்தளை டவுனில் சோலார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா. ஐந்து பேர், அவ்வளவுதான். வாசல் இஸ்தோப்பில் நின்று கழுத்தை நீட்டிக் கொண்டிருந்தவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் நான் தோற்றுப் போவதைப் பார்க்க வந்தவர்கள். ஆனால் அக்காவின் கருங்கோழியைச் சேர்க்கத்தான் வேண்டும். அது யாரையும் கேட்காமல் உள்ளே வந்து மேசைக்குக் கீழே நின்றது. அதற்கு அந்த உரிமை இருந்தது.

மேசையின் மேலே இலேசான வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று. அதற்குள் முப்பத்தைந்து முட்டை. கரண்ட் போய் மூன்றாவது நாள். வெளியே மழை விட்டிருந்தாலும் மூடுபனி விடவில்லை. அந்த முட்டைகள் பொரித்தால் எனக்கு என் பேர் திரும்பக் கிடைக்கும். பொரிக்காவிட்டால் சாகும் வரைக்கும் நான் கூமுட்டை.

இதை விளங்க வைக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு கசந்ததால் இல்லை. பள்ளிக்கூடம் போக ஒரு பாலம் கடக்க வேண்டும். அது விழுந்துவிடும் என்று பயந்தே பாதி நாள் போகவில்லை. மீதி நாள், ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்பாரே என்ற பயம். பாலம் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. அதன் மேல் இப்போது லொறி போகிறது.

என் வீட்டுக்காரி இதற்கு நேர்மாறு. எல்கடுவ மலையில் அட்டை, வழுக்கல், குளவிக்கூடு எல்லாவற்றையும் தாண்டிக் கொழுந்து எடுக்கிறவள். "ஒங்களுக்கு வானம் இடிஞ்சு விழுந்துருமோன்னு கவல. விழட்டுமே, நமக்கு மட்டுமா விழப் போவுது?" என்பாள்.

தேயிலை ஃபெக்டரியில் எனக்கு வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆனபோதுதான் குஞ்சு பொரிக்கிற யோசனை வந்தது. யோசனை அவளுடையது, கவலை என்னுடையது. ஊர்க்கோழிக்கு எங்கள் பக்கம் எப்போதும் கிராக்கி. ஆனால் கோழி அடைக்கு உட்கார வேண்டுமே. அது நினைத்தால் உட்காரும், நினைத்தால் எழுந்து போகும். யட்டவத்தயில் ஒருவர் விற்ற பழைய பொரிக்கும் மெசினை வாங்கினோம். மெசின் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மீன் கொண்டு வருகிற மாதிரி ஒரு ரெஜிபோம் பெட்டி, உள்ளே இரண்டு சின்ன பல்ப், ஒரு குட்டி ஃபேன், சூடு காட்டுகிற மீட்டர், மூடியில் உள்ளே பார்க்க ஒரு கண்ணாடிச் சில்லு. லயத்து ஆட்கள் முட்டை கொண்டு வந்து தருவார்கள். பொரிக்கிற குஞ்சில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. இதுதான் பேச்சு.

முதல் தடவை நம்பித் தந்தார்கள். பின்வீட்டு அக்கா தன் கருங்கோழியின் முட்டையில் பதினொன்று தந்தாங்க. அந்தக் கோழி லேசுப்பட்டதில்லை. உடம்பு, கால், மூக்கு எல்லாம் கறுப்பு. டவுனிலிருந்து ஆள் வந்து விலை கேட்டும் அக்கா கொடுக்கவில்லை. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு சின்னப் பொட்டு வைத்துத் தந்தாங்க. "மாறிப் போவக்கூடாது தம்பி" என்று.

எங்கள் மலையில் கரண்ட் என்பது விருந்தாளி மாதிரி. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போய்விடும். ஒரு கிளை கம்பியில் விழுந்தால் போதும். அதை எடுக்க ஆட்கள் டவுனிலிருந்து வர வேண்டும். அவர்கள் வருவதற்குள் நாங்கள் மெழுகுதிரிக்குப் பழகியிருப்போம். பொரிப்பதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது இடி இடித்தது. கரண்ட் போனது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன், கம்பளி போர்த்தினேன், குப்பி விளக்கைக் கிட்டே வைத்துவிட்டு நெருப்புப் பிடிக்குமோ என்று தூர எடுத்தேன், திரும்பக் கிட்டே வைத்தேன். ஒன்றரை நாள் கழித்துக் கரண்ட் வந்தது. குஞ்சு வரவில்லை. ஒன்றுகூட.

அக்கா வந்து பொட்டு வைத்த முட்டை ஒன்றை எடுத்து இஸ்தோப்பில் உடைத்தாங்க. அந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போனது.

"கூமுட்ட" என்றாங்க அக்கா. முட்டையைத்தான் சொன்னாங்க. ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாங்க.

அது ஒட்டிக்கொண்டது. எங்கள் லயத்தில் பட்டப்பெயர் சாதாரண விசயம் இல்லை. ஒரே பேரில் நாலு பேர் இருக்கிறபோது ஆளை அடையாளம் சொல்லப் பட்டப்பெயர்தான் உதவும். ஒரு தாத்தா எந்தக் காலத்திலோ கிழிந்த குடை பிடித்தார் என்பதற்காக அவருடைய பேரன்மார் இன்றைக்கும் ஓட்டைக்குடை. என் மகள் டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். லீவுக்கு வந்தபோது தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் யாரோ, "கூமுட்டயோட மக வந்துருக்கா" என்றார்களாம். அவள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கும் அந்தப் பேர்தானே?

ஏன் பொரிக்கவில்லை என்பதில் லயம் இரண்டாகப் பிரிந்தது. கரண்ட் போனதால் என்றேன் நான். இடி இடித்ததால் என்றாங்க அக்கா. அடை வைக்கும்போது முட்டைக்கு நடுவில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடிச் சத்தத்துக்கு முட்டை கலங்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். "ஆணி வைக்காம அடை வைக்கிற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாங்க. என்னோடு மட்டும் பேசவில்லை.

லீவு நாளில் நான் அலுவிகாரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் புல் வெட்டப் போவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருடைய வீடு. கூரை முழுக்க சோலார் பெனல், மினுமினு என்று. ஒருநாள் அங்கே கரண்ட் போனது. நான் மேலே பார்த்தேன். வெயில் கொளுத்துகிறது. கீழே பார்த்தேன். ஐயா ஒரு பேப்பரால் விசிறிக்கொண்டு வெளியே வருகிறார்.

"ஐயா, ஒங்களுக்குத்தான் சோலார் இருக்கே?"

"இருக்குது தம்பி. கரண்ட் நிண்டா இதுவும் நிண்டிடும். மாசக் கடைசியில பில் வராது, அதுதான் லாபம். மற்றும்படி மேல வெயில் எரியும், கீழ நான் விசிறிக்கொண்டு இருப்பன்."

எனக்குப் பகீர் என்றது. அன்றைக்கு வரைக்கும் சோலார் என்றால் வெயில் இருந்தால் வெளிச்சம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்காரியிடம் சோலார், சோலார் என்று பேசி ஆசை காட்டியும் வைத்திருந்தேன். இரவெல்லாம் புரண்டேன். காலையில் அவளே என்னை பஸ்ஸில் ஏற்றினாள். "டவுன்ல போயி விக்கிற ஆள்கிட்டயே கேளுங்க. இங்க கெடந்து பாயத் தேய்க்காதீங்க."

டவுனில் சோலார் நானாவின் கடை ஒரு சாக்குக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்ட எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்ணே, அந்த ஐயாட சோலார் வந்து கரண்டுட கையப் புடிச்சிட்டு நடக்குற புள்ள. கரண்ட் நின்டா அதுவும் நிக்கும். கம்பியில ஏறி வேல செய்யிற ஆளுக்கு அடிச்சிரக் கூடாதே, அதுக்குத்தான் அப்பிடி வெச்சீக்குது. உங்களுக்குத் தேவ தனியா நடக்குற புள்ள. ஒரு பெனல், ஒரு பெட்டரி. உங்கட மெசின் பன்னெண்டு வோல்ட்ல ஓடுது, நேரா குடுத்திரலாம்."

"அந்தப் புள்ள விழுந்துறாதே நானா?"

"விழுந்தா நான் வந்து தூக்குறேன். தவண முடியிற வரைக்கும் நான் எப்பிடியும் வருவேனே."

எல்லாமாகத் தொண்ணூற்றாறாயிரம். சீட்டுப் பணம் முப்பதாயிரத்தை முன்னுக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை மாதம் ஐயாயிரத்து ஐந்நூறாகக் கட்டலாம் என்றார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் மனதில் மூன்று தடவை தவணை தவறிவிட்டேன்.

அடுத்த வாரம் நானா பைக்கில் ஏறி வந்தார். எங்கள் கூரையைப் பார்த்தார். கூரைக்குப் பின்னால் நிற்கிற மலையைப் பார்த்தார், மலையில் வரிசையாக நிற்கிற டர்பன்டைன் மரங்களைப் பார்த்தார்.

"அண்ணே, பத்து மணி வரைக்கும் மரத்து நெழல். ரெண்டு மணிக்கு மூடுபனி எறங்கிரும். இங்க வெச்சா பெனலுக்கே குளிரும்."

"அப்போ?"

"அந்தப் பக்கம் நல்லா ஈக்குதே. பள்ளத்துப் பக்கம். விடிஞ்ச நேரத்துலருந்து வெயில். அது யார்ட?"

என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பதற்கு.

எங்களுடையது இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள். நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தகரக்கூரை, முகட்டின் இந்தச் சரிவு எங்களுக்கு, அந்தச் சரிவு அவர்களுக்கு. பள்ளத்துப் பக்கத்துச் சரிவின் கீழே இருந்தது யார் என்றால், என்னைக் கூமுட்டை என்ற அதே அக்கா.

மூன்று நாள் யோசித்தேன். எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, கதவைச் சாத்தினால் என்ன சொல்வது. வீட்டுக்காரியை அக்காவாக நிற்க வைத்துப் பேசிப் பார்த்தேன். அவள் அக்காவை விட மோசமாகத் திட்டினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் லயத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தாங்க. கையில் கத்தி. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாங்க. அது நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"வாங்க தம்பி. மூணு நாளா சொவத்துக்கு அந்தப் பக்கம் ஒத்திக நடந்துச்சு. இன்னிக்குத்தான் நாடகமா?"

நடுச்சுவர் எவ்வளவு மெல்லிசு என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அக்கா, அது வந்து..."

"'அது வந்து' வேணாம். மொத நாளே அத விட்டுட்டு 'தயவுசெஞ்சு'ன்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு."

அக்காவின் வீட்டுக்காரர் கதவுக்குள்ளேயிருந்து, "சரிதான்" என்றார். அவர் தோட்டத்துக் காவல்காரர். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் வேறு சொல் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

நான் தயவுசெய்து என்றே ஆரம்பித்தேன். அக்கா முழுக்கக் கேட்டாங்க. ஏற்கனவே தெரிந்த கதை என்பதால் இடையில் நான் மறந்த இடத்தை எடுத்தும் கொடுத்தாங்க. முடித்ததும் விரலை மடக்கினாங்க.

"ஒன்னு, எங்க தகரத்துல புதுசா ஒரு ஓட்ட விழக்கூடாது. ரெண்டு, எங்க காம்பராவுக்கு ஒரு பல்ப். மூணு..." உள்ளே போய் ஒரு துணி முடிச்சோடு வந்தாங்க. அவிழ்த்தால், சுண்டுவிரல் நீளத்துக்குத் துருப்பிடித்த ஆணி ஒன்று, கரித்துண்டு ஒன்று. "இது அந்தப் பெட்டிக்குள்ள இருக்கணும்."

கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் இரும்பா? எனக்கு உடனே பொறி பறக்கிற மாதிரி, லயமே பற்றி எரிகிற மாதிரி, தோட்டத்து ஆபீஸில் நான் கைகட்டி நிற்கிற மாதிரி எல்லாம் வந்துபோனது. ஆனால் வாய், "சரிக்கா" என்றது.

"அப்போ என் கோழியோட முட்டையும் பதினொன்னு வைக்கிறேன்" என்றாங்க அக்கா. "இந்தத் தடவையும் பொரிக்கலன்னா, ஒங்க சோலார் கண்ணாடிய நானே கூரையில ஏறிக் கழட்டிப் பள்ளத்துல விடுவேன். பேரையும் மாத்தத் தேவையில்ல, ஏற்கனவே வச்சாச்சு."

"சரிதான்" என்றார் வீட்டுக்காரர்.

நானா வந்து, தகரத்தைப் பிடித்திருந்த பழைய போல்ட்டுகளிலேயே இரும்பு ஃப்ரேமை மாட்டினார். புது ஓட்டை ஒன்றும் இல்லை என்று அக்கா உள்ளே நின்று தகரத்தை அண்ணாந்து பார்த்துச் சான்று கொடுத்தாங்க. வயர், நடுச்சுவருக்கு மேலே தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாக எங்கள் பக்கம் இறங்கியது. பெட்டரியை மேசைக்குக் கீழே வைத்தார். சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பெட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்ட நாலு பச்சைப் புள்ளி, ஒரு சிவப்பு. ஆணியைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"மூலயில வைங்க. வயர்ல படாட்டி அது பாட்டுக்கு ஈக்கும். ஆணி கரண்ட் கேக்காதுண்ணே."

சுவிட்சைப் போட்டார். எங்கள் காம்பராவில் ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் எரிந்தன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அடி ஆத்தி!" என்று அக்காவின் குரல் கேட்டது. என் மேல் கோபம் வந்த நாளிலிருந்து சுவர் வழியாக நான் கேட்ட முதல் சந்தோசச் சத்தம் அதுதான்.

இடியைப் பற்றிக் கேட்டேன், குரங்கைப் பற்றிக் கேட்டேன், திருடனைப் பற்றிக் கேட்டேன். நானா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, பைக்கில் ஏறும்போது, "அண்ணே, சூரியன் வராட்டி என்ன செய்யிறதுண்டு மட்டும் நீங்க கேக்கல்ல" என்றார். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

அக்கா தந்ததைப் பார்த்து மற்றவர்களும் தந்ததில் நாற்பத்தோரு முட்டை வைத்தோம். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்றாங்க அக்கா, அதிலும் நான் சண்டை போடவில்லை. ஒரு வாரம் போனதும் டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, கரு இல்லாத ஆறை எடுத்தோம். மிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடியது. அக்காவின் பொட்டு முட்டையில் பத்து தேறியது. நடுவில் மூன்று தடவை கரண்ட் போனது. லயம் இருட்டில் கிடக்க, எங்கள் பெட்டிக்குள் மட்டும் அந்த இரண்டு சின்ன பல்பும் கண்ணை மூடித் திறக்கிற மாதிரி எரிந்து அணைந்து எரிந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. அது வரக்கூடாத நேரம்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் இடியோடு அந்த மழை பிடித்தது. பொரிக்க மூன்று நாள் இருந்தது. ரோட்டில் மரம் விழுந்தது, கம்பி அறுந்தது, பஸ் நின்றது. கரண்ட் எப்போது வரும் என்று கேட்கவே ஆள் இல்லை. மழை கொஞ்சம் குறைந்தால் மூடுபனி, மூடுபனி விலகினால் மழை. பள்ளத்துப் பக்கத்தில் பள்ளமே தெரியவில்லை. சூரியன் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை.

நாலு பச்சைப் புள்ளி மூன்றானது. அன்று சாயங்காலமே இரண்டானது.

ஃபோன் சார்ஜ் பண்ண வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். எப்படி இல்லை என்பது? மண் சரிகிற காலம், யாருக்கு என்ன ஆகுமோ. அக்காதான் இஸ்தோப்பில் வந்து நின்று தீர்ப்புச் சொன்னாங்க. "லயத்துக்கு ஒரு ஃபோன். தோட்டத் தலைவரோட ஃபோன் மட்டும் சார்ஜ் போடுவோம். பேசணும்னா எல்லாரும் அதுல பேசுங்க. மத்த கரண்டு முட்டைக்கு." சொல்லிவிட்டுத் தன் பக்கம் போய், யாரும் சொல்லாமலே தன் பல்பை அணைத்தாங்க. நாங்களும் எங்களுடையதை அணைத்தோம். பெட்டியைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்தினோம், காற்றுப் போகிற ஓட்டையை மட்டும் விட்டு.

மழை விட்டு விட்டுப் பெய்த அந்த இரண்டு நாளும் அக்காவின் வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறி, நீளக் கம்பில் துணி கட்டி, பெனலில் ஒட்டிய இலையையும் தண்ணீரையும் வழித்துக்கொண்டேயிருந்தார். மூடுபனியிலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறதாம், அதை வீணாக்கக் கூடாதாம். அவர் அதை வாயால் சொல்லவில்லை. செய்வதைப் பார்த்து நாங்களே விளங்கிக்கொண்டோம்.

எனக்கு மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கடைசி மூன்று நாளும் திறக்கக் கூடாது, சூடும் ஈரமும் போய்விடும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் கை போகும்.

"மூடியத் தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றாள் வீட்டுக்காரி.

"உள்ள உசிரோட இருக்கான்னு..."

"செத்திருந்தா தொறந்தா பொழைக்குமா? உசிரோட இருந்தா தொறந்தா சாவும். சும்மா உக்காருங்க."

இதை விடச் சரியான பேச்சை நான் பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது பச்சைப் புள்ளி ஒன்றுதான் இருந்தது. சிவப்பு இடையிடையே மினுங்கியது. மழை நின்றிருந்தது, மூடுபனி மட்டும் போர்வை மாதிரி. அக்கா வந்தாங்க, வீட்டுக்காரரும் வந்தார், கோழியும் வந்தது. இஸ்தோப்பில் ஆட்கள் சேர்ந்தார்கள். யாரோ மெதுவாக, "கூமுட்ட என்ன செய்யிது?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சோலார் நானா உள்ளே வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. ரோட்டில் மரம் விழுந்த இடத்தில் பைக்கை விட்டுவிட்டு அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"பெனல் காத்துல பறந்திரிச்சோண்டு பாக்க வந்தேன்."

"தவண பறந்துருச்சோன்னு பாக்க வந்தீங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"ரெண்டும்தான் தங்கச்சி" என்று சிரித்துவிட்டுச் சுவரில் இருந்த புள்ளியைப் பார்த்தார். சிரிப்பு போனது. "இன்னும் ஒரு மணித்தியாலம் தாங்கும். அதுக்குள்ள வெயில் வரணும்."

மழைத் தண்ணீர் தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். அந்த அமைதியில்தான் அது கேட்டது.

கீச்.

மேசைக்குக் கீழே கருங்கோழி தலையைச் சரித்துக் கேட்டது. பிறகு "கொக்" என்று பதில் சொன்னது. பெட்டிக்குள்ளிருந்து மறுபடியும் கீச். இன்னொரு இடத்திலிருந்து இன்னொன்று. அக்கா என் கையைப் பிடித்தாங்க. எவ்வளவு இறுக்கம் என்றால், இரண்டு நாள் வலித்தது.

மூடியில் உள்ள கண்ணாடிச் சில்லு வழியாக ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். பொட்டு வைத்த முட்டை ஒன்றில் சின்ன வெடிப்பு. அதற்குள் கறுப்பாக ஒரு மூக்கு அசைந்தது.

அப்போது வெளியே யாரோ கத்தினார்கள். நான் கூரைதான் போய்விட்டது என்று நினைத்தேன். போனது மூடுபனி. பள்ளத்துப் பக்கம் திரைச்சீலையை இழுத்த மாதிரி திறந்து, வெயில் நேராக அக்காவின் சரிவில் அடித்தது. ஈரத் தகரத்திலிருந்து ஆவி எழுந்தது. அக்காவின் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஏணியில் ஏறினார். நானா சுவர்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பச்சை வந்தது.

"ஏறுது!" என்று நானா போட்ட சத்தத்துக்கு இஸ்தோப்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தோற்பதைப் பார்க்க வந்தவர்களும் தட்டினார்கள். கைதட்டும்போது யார் எதற்கு வந்தார் என்று தெரியாது.

அன்று பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு குஞ்சு. அக்காவின் பத்தும் பொரித்துவிட்டது, பத்தும் தார் பூசிய மாதிரி கறுப்பு. மூடியைத் திறந்தபோது குஞ்சுகளுக்கு நடுவில் ஆணி கிடந்தது. ஒரு குஞ்சு அதன் மேல் ஏறி நின்று தூங்கியது.

அக்கா அந்த ஆணியை எடுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாங்க. "பாத்தீங்களா? எத்தன இடி இடிச்சுச்சு. ஒன்னு கலங்கிச்சா?"

நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அக்கா, அப்ப என்ட பெட்டரி?"

"அதுவும் வேணும். பெட்டரி சூட்டுக்கு, ஆணி இடிக்கு."

எதனால் பொரித்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆணி இல்லாவிட்டால் கூரை இல்லை, கூரை இல்லாவிட்டால் வெயில் இல்லை. அப்படிப் பார்த்தால் அக்கா சொன்னது பொய்யும் இல்லையே.

என் வீட்டுக்காரி விடவில்லை. ஒரு கறுப்புக் குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனாள். "காலையில யாரோ ஒரு பேர் சொன்னீங்களே, யாரு? இப்ப சொல்லுங்க பாப்போம்." ஓட்டைக்குடைக் குடும்பத்துக்காரர் ஒருவர்தான் கடைசியில், "குஞ்சுக்காரரு வீட்டுல இருக்காரா? எங்க வீட்டுலயும் முட்ட இருக்கு" என்றார். குஞ்சுக்காரர்! நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சொல்லை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

கரண்ட் வர மேலும் நாலு நாள் ஆனது. அந்த நாலு இரவும் முழு லயத்திலும் இரண்டே இரண்டு பல்ப் எரிந்தது, நடுச்சுவரின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஃபோன்கள் வரிசையில் கிடந்தன. கரண்ட் வந்ததும் எல்லாரும் "ஓ" என்று கூச்சல் போட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை. எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

இப்போது பள்ளத்துப் பக்கத்துச் சரிவில் இன்னும் மூன்று வீட்டுப் பெனல் இருக்கிறது. மலைப்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் முதுகுப்பக்கத்து வீட்டோடு நல்ல மாதிரிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வருசக்கணக்காகப் பகையாக இருந்தவர்கள்கூட ஒரு தட்டில் பலகாரத்தோடு லயத்தைச் சுற்றிப் போவதைப் பார்க்கிறேன். குரங்கு ஒன்று எங்கள் பெனலில் தன் முகத்தைப் பார்க்கத் தினமும் வருகிறது. ஒன்றும் உடைக்கவில்லை, இதுவரைக்கும். மகள் போன லீவுக்கு வந்தபோது பைப்படியில் அவளிடம் கேட்டது, அடுத்த அடைக்கு இடம் இருக்கிறதா என்றுதான்.

ஆணி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வோர் அடைக்கும் அக்கா வந்து அதைத் தன் கையால்தான் வைப்பாங்க. போன அடையில் நானா பத்துக் கறுப்புக் குஞ்சு கேட்டார், தன் தங்கச்சி வீட்டுக்கு. அவற்றின் விலையைத் தவணையில் கழிக்கட்டுமா என்றார். வேண்டாம், காசாகத் தாருங்கள், தவணையை நான் முழுசாகக் கட்டுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கே விளங்கியது. வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழு தவணை கட்டியாகிவிட்டது, ஒன்றும் தவறவில்லை. நானாவுக்கு இன்னும் கொடுக்க வேண்டியது இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.